நான்கு நாள் லீவுக்கு ஒரு இரும்புச் சைக்கிள்

கூடாரம் ஜீப்பில் முன்னால் போய்விடும், நாம் சைக்கிளில் பின்னால் போய் அதற்குள் படுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. அது பயணம் இல்லை, கல்யாண வீட்டுக்குப் போவது. பூனாவில் நான் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகத்தில் அப்படி ஐந்து பேர் இருந்தார்கள். வருடா வருடம் மே மாதம் மகாபலேஷ்வர் பக்கம் போவார்கள். பின்னால் ஒரு ஜீப் வரும். அதில் மெத்தை, மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, சமையலுக்கு ஒரு ஆள். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் அந்தப் படங்கள் எல்லோருக்கும் மெயிலில் வரும். தலைப்பில் 'கேம்பிங்' என்று இருக்கும்.

ஐவருக்கும் தலைவர் என் டீம் லீடர். சென்னைக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆன்சைட் போய்த் திரும்பியபோது அமெரிக்காவிலிருந்து ஒரு அலுமினியச் சைக்கிளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். இரண்டு சக்கரத்துக்கும் ஸ்பிரிங். கையுறை, ஆரஞ்சு நிறக் கண்ணாடி, முதுகில் தொங்கும் தண்ணீர்ப்பை, அதிலிருந்து வாய்வரை ஒரு குழாய். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து வந்தவர் போல இருப்பார்.

என் சைக்கிளை நான் பூனாவின் கேம்ப் பகுதியில் ஒரு சர்ச்சின் பழைய பொருள் விற்பனையில் வாங்கினேன். இரண்டாயிரத்து மூன்று என்று நினைவு. எனக்கு வயது இருபத்துநான்கு. கிழிந்த சோபாவுக்கும் பல் போன ஹார்மோனியத்துக்கும் நடுவே அது சாய்ந்திருந்தது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், விரல் தடிமனே இருக்கும் மெல்லிய இரும்புக் குழாய்கள். குழாய்கள் சேரும் இடங்களில் யாரோ அரத்தால் பொறுமையாக ராவிய வேலைப்பாடு. பெயின்ட் போயிருந்தது, பெயரும் போயிருந்தது. விரலால் சுண்டினேன். பாத்திரக்கடையில் நல்ல சொம்பைச் சுண்டினால் கேட்குமே, அந்தச் சத்தம். விற்பனையில் நின்ற அம்மாள், இதை இரும்புக்குத்தானே எடுத்துப் போகிறாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு வகையில் உண்மைதான். இரும்பு வளைந்தால் எந்தப் பட்டறையிலும் நிமிர்த்தலாம். அலுமினியம் நெளிந்தால் குப்பை. அலுமினியத்தில் பால் காய்ச்சலாம், அவ்வளவுதான்.

நான் போக நினைத்தது கடலுக்கு. பவுடு வழியாக முல்ஷி ஏரி, தாம்ஹிணி மலைப்பாதையில் இறங்கி மாண்காவ், அங்கிருந்து ஸ்ரீவர்தன் பக்கம். தனியாக. கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு எல்லாம் சைக்கிளிலேயே. ஜூனில் மழை பிடித்துவிட்டால் அந்த மலைப்பக்கம் தலைகாட்ட முடியாது, அதனால் மே மாதத்திலேயே போகவேண்டும். சனி, ஞாயிறோடு சேர்த்து நான்கு நாட்கள் தேவைப்பட்டன. மீதி இரண்டு நாளுக்கும் கையெழுத்துப் போடவேண்டியவர் ஆரஞ்சுக் கண்ணாடிக்காரர்.

கேன்டீனில் ஐவரும் இருக்கும்போது கேட்டது என் தப்பு.

"எங்க போற?"

"கடலுக்குங்க பாஸ். ஸ்ரீவர்தன் பக்கம்."

"எதுல?"

"சைக்கிள்லதானுங்க."

"அந்தத் துருப்பிடிச்ச சாமான்லயா? டேய், பேப்பர் போடறவன்கூட அத வேணாம்னு தூக்கிப் போட்டிருப்பான்டா."

"துரு மேலாப்புலதானுங்க. பைப்பு உள்ள சுத்தமா இருக்குது."

"மே மாசம். ஒத்தையா. மலை எறக்கம். எங்கயாவது விழுந்து கெடந்தா கோயமுத்தூருக்கு, உங்க அப்பாவுக்கு, போன் பண்றது யாரு? நான். எனக்கெதுக்கு அந்த வேல?"

"பிரேக்கெல்லாம் புதுசா போடறனுங்க."

"வாயால போடாத. அடுத்த ஞாயித்துக்கெழம, முழு லோடோட, காத்ரஜ் மலை ஏறி எறங்கிக் காட்டு. அடிவாரத்துல நான் நிப்பேன். ஓட்டிட்டு வந்து என் முன்னாடி நிறுத்திட்டேன்னா ரெண்டு நாள் லீவும் உனக்கு. இல்லன்னா எங்க கூட ஜீப்ல வா. வெங்காயம் உரிக்க ஆள் தேவைப்படுது."

சிரிப்பு. ஒருவர் மேசையைத் தட்டினார். சரிங்க என்றேன். ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடத் தன் சைக்கிளின் பெடலைக் கழற்றத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பத்து நாள் இருந்தது. போபோடியில் மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். தரையில் செய்தித்தாள் விரித்து மொத்த சைக்கிளையும் பிரித்துப் போட்டேன். ஊரில் சைக்கிள் கடைக்காரர்கள் ஓவராயில் என்பார்களே, அதேதான். பெடல் அச்சுக்குள் இருந்த கிரீஸ் காய்ந்து வெல்லப்பாகு மாதிரி ஆகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டினேன். பேரிங் குண்டுகள் அத்தனையும் மாற்றினேன். இணைய மையத்தில் உட்கார்ந்து பழைய இரும்புச் சைக்கிள்களைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் அச்செடுத்து வந்தேன். ஒரு போல்ட்டைப் பற்றி நாற்பது பக்கம் எழுதுகிறார்கள். அந்த போல்ட்டை முறுக்கிவிட்டு நாலு மைல் ஓட்டினானா என்றால் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

டயர் வாங்கக் கேம்புக்குப் போனேன். அந்த அளவில் கொஞ்சம் தடிமனாக வேண்டும் என்றதும் கடைக்காரர் என் காலணியிலிருந்து தலைமுடிவரை ஒரு பார்வை பார்த்தார். "சாப், உங்களுக்கா? ஒரு மோட்டார் பைக் வாங்கிடுங்களேன்" என்றார் இந்தியில். சைக்கிள் நகரம் என்று இன்னும் பீற்றிக்கொள்கிற ஊர் இது. ஊர் முழுக்கத் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் பறக்கிறது. சைக்கிள் கடைக்காரரே சைக்கிள் டயர் வாங்க வந்தவனுக்கு இரங்குகிறார். நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையின் பரணிலிருந்து தூசி தட்டி இரண்டு டயர் எடுத்துக் கொடுத்தார்கள்.

கேரியர் பெரிய பிரச்சினை. பந்தயத்துக்காகச் செய்த சைக்கிள், சுமை ஏற்றுவதற்காக இல்லை. கேரியர் பொருத்த அதில் ஒரு ஓட்டை கிடையாது. துளை போட்டால் குழாய் பலம் போய்விடும். தண்ணீர்க்குழாயைச் சுவரோடு பிடிக்கப் பிளம்பர்கள் போடும் கிளிப்புகளை வாங்கி, உள்ளே பழைய ட்யூப் ரப்பரைச் சுற்றி, அதில் கேரியரை மாட்டினேன். இறுக்கமாக நின்றது. எனக்கே என்னைப் பிடித்தது.

சக்கரத்தின் கோட்டம் மட்டும் என் கைக்குச் சரிவரவில்லை. ஒரு பக்கம் ஸ்போக்ஸை முறுக்கினால் மறுபக்கம் இழுத்தது. அடுத்த சந்தில் ஒருவர் இருந்தார். பகலில் கட்கியில் தொழிற்சாலை ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து வீட்டு வாசலில் சைக்கிள் பழுது பார்ப்பார். என் வயதுதான் இருக்கும். முன்பு பந்தயம் ஓட்டியவர் என்று தொடையைப் பார்த்தாலே தெரியும். சுத்த மராத்தி. எனக்கு மராத்தி வரும் என்று எனக்கு நல்ல கர்வம். எங்கள் அலுவலகத் தமிழர்கள் ஆறு வருடம் இந்த ஊரில் இருந்தும் காய்கறிக்காரியிடம் விலை கேட்கும் 'கிதி' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டவர்கள். நான் அப்படியில்லை. பஸ் போர்டு படித்தே எழுத்துக் கற்றேன், கண்டக்டர்களிடம் பேச்சுக் கற்றேன். அவர் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

"ஓ சாஃப்ட்வேர், இதை எங்கே திருடினாய்?"

"சர்ச்சில்."

"சாமி சொத்தா? நல்ல வேகம் போகும்." சக்கரத்தைச் சுழற்றி, ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டி, காதை வைத்துக் கேட்டுக்கேட்டு முறுக்கினார். அரைமணியில் கோட்டம் போய்விட்டது. பிறகு கேரியரைப் பார்த்தார். "இதில் என்ன ஏற்றப்போகிறாய்?"

சொன்னேன். கூடாரம், அடுப்பு, மண்ணெண்ணெய் பாட்டில், அரிசி, பாத்திரம், கருவிகள். எல்லாவற்றையும் கேரியரின் மேல் இப்படி அடுக்கி, ட்யூப் கயிற்றால் கட்டுவேன் என்று கையால் உயரம் காட்டினேன். இடுப்புவரை வந்தது.

அவர் ஸ்பானரால் கேரியரின் மேல் கம்பியை டங்கென்று தட்டினார். "வஜன் காலி டேவ."

வஜன் என்றால் எடை. டேவ என்றால் வை.

"காலியா?" என்றேன்.

"ஆமாம், காலி. ஏக்தம் காலி."

எனக்குச் சுருக்கென்றது. கேரியரைக் காலியாக வைத்துக்கொண்டு கடலுக்குப் போய் என்ன செய்வது, ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு மணலில் படுப்பதா? இவருக்கும் இந்தச் சைக்கிள்மேல் நம்பிக்கையில்லை, அவ்வளவுதான். ஆரஞ்சுக் கண்ணாடிக்கும் இந்த அழுக்கு பனியனுக்கும் ஒரே புத்தி என்று நினைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவனாகிவிடுவேனே.

ஞாயிறு காலை காத்ரஜ். மேட்டில் சைக்கிள் அருமையாக ஏறியது. பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டிருந்ததால் கால் நிதானமாகச் சுற்றியது. முதுகுக்குப் பின்னால் மூட்டை கொஞ்சம் ஆடியது. யானைமேல் போகிறவன் ஆட்டத்தைப் பொருட்படுத்துவதா? பழைய குகைப்பாதை வாயில் நின்று ஒரு டீ குடித்தேன். காரில் வந்த குடும்பம் ஒன்று மூட்டையைப் பார்த்து, துணி விற்கிறவன் என்று நினைத்து விலை கேட்டது. பெருந்தன்மையாக மறுத்துவிட்டு இறங்கத் தொடங்கினேன்.

முதல் வளைவு சரி. நேர் இறக்கத்தில் வேகம் பிடித்ததும் உள்ளங்கையில் ஒரு நடுக்கம், செல்போன் அதிர்கிற மாதிரி. அடுத்த நொடி ஹேண்டில் முழுக்க நடுங்கியது. அதற்கடுத்த நொடி சைக்கிளின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் துடித்தன. பின்னால் அந்த மூட்டை வாலை ஆட்டுகிற மாதிரி இடதும் வலதும் அடித்தது. எதிரே லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். புதுப் பிரேக், பிடித்தது. சாலையோரச் சுவரில் தோள் உரசி நின்றேன். விழவில்லை. சட்டை மட்டும் கிழிந்தது.

ஏறி மறுபடி முயன்றேன். வேகம் கூடியதும் மறுபடி அதே துடிப்பு. மிச்ச தூரத்தை உருட்டிக்கொண்டு இறங்கினேன்.

அடிவாரத்தில் டீம் லீடர் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். முதுகுக் குழாயும் வாயருகே தொங்கியது.

"என்னடா, உருட்டிட்டு வர்ற? பஞ்சரா?"

பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். நல்ல பொய், கையில் கொடுத்தார்.

"ஆடுச்சுங்க."

"என்ன ஆடுச்சு?"

"எல்லாமே."

"சொன்னேன்ல? அது சைக்கிள் இல்லடா, எலும்புக்கூடு." சிரித்தார். பிறகு கிழிந்த தோளைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் அடங்கி, "ஜீப்ல எடம் இருக்கு. அடுத்த வாரம் கழிச்சு கெளம்பறோம். மரியாதையா வா" என்றார்.

"ஜீப்புல வரமாட்டனுங்க."

"அப்ப லீவும் கெடையாது. திங்கக்கிழம சீட்ல இரு."

திங்கட்கிழமை சீட்டில் இருந்தேன். அன்று முழுக்க இரும்பின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் அந்தக் கூட்டம் எனக்குச் செய்த பெரிய அநியாயம். வேலை முடிந்ததும், கோட்டம் மறுபடி விழுந்துவிட்டதா என்று பார்க்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஃபிட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் ஏதோ சக்கரத்தில் வேலையாக இருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"காலி பஸ்."

நான் திரும்பிச் சாலையைப் பார்த்தேன். பஸ் எதுவும் இல்லை. அந்தச் சந்துக்குள் பஸ் வரவே வராது.

"காலி பஸ் ரே!"

மறுபடி திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினார். தரையைக் காட்டி, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "காலி. பஸ்." கீழே. உட்கார்.

உட்கார்ந்தேன். எனக்குக் காது சூடாகிவிட்டது. தமிழில் காலி, இந்தியிலும் காலி, இரண்டிலும் ஒன்றுமில்லை என்றுதான் பொருள். மராத்தியில் காலி என்றால் கீழே. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர்கள் 'காலி உத்ரா' என்று கத்தும்போதெல்லாம், வண்டியைக் காலி பண்ணிவிட்டு இறங்கச் சொல்கிறார்கள் என்றே புரிந்துகொண்டு நான் இறங்கியிருக்கிறேன். ஒருநாளும் தப்பாகப் போனதில்லை. தப்பாகப் புரிந்துகொண்டும் சரியாக இறங்கிக்கொண்டிருந்த நான், கிதியோடு நின்றவர்களை ஏளனம் செய்துகொண்டிருந்தேன்.

எடையைக் கீழே வை. ரொம்பக் கீழே. அவர் சொன்னது அதுதான்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, இவன் பஸ் தேடினான் என்று சொல்லிச் சிரித்தார். அந்தம்மா வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நன்றாகச் சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

"உன் காகிதத்தில் இது இல்லையா?" என்று கேட்டார். முன்பு நான் காட்டியிருந்த இணைய மையத்து அச்சுக் கட்டைச் சொல்கிறார். அன்றைக்கு அறைக்குப் போய்ப் புரட்டினேன். இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தில், போல்ட்டுகளுக்கு நடுவே, ஒரே வரி.

மூன்று நாள் மாலை வேலை நடந்தது. கட்கியில் ராணுவத்தில் கழித்த சாமான் விற்கும் கடையிலிருந்து நான்கு கேன்வாஸ் பைகள் வாங்கினேன். பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் இரண்டு, அச்சுக்குப் பக்கத்தில் வரும்படி தாழ்த்தித் தொங்கவிட்டோம். முன்சக்கரத்துக்கும் அதே பிளம்பர் கிளிப்பைப் போட்டு இரண்டு. அரிசியும் மண்ணெண்ணெயும் அடியில், இரண்டு பக்கமும் சம எடையாக. கூடாரத் துணி ஒரு பக்கம், கம்பிகள் மறுபக்கம். கேரியரின் மேல் எதுவும் இல்லை. அப்படிப் பார்த்தால் அது இப்போது தமிழிலும் காலிதான். ரேஞ்ச் ஹில்ஸ் இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டு ஓட்டிப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி போனது.

வெள்ளிக்கிழமை டீம் லீடரிடம் மறுபடி போனேன்.

"இன்னொரு தடவ காத்ரஜ் எறங்கிக் காட்டறனுங்க. பிரச்சினை லோடுலதான், சைக்கிள்ல இல்லீங்க."

"கோளாறு சாஃப்ட்வேர்ல இல்லீங்க, உங்க கம்ப்யூட்டர்லதான்னு கஸ்டமர்கிட்ட சொல்ற மாதிரியே சொல்றியே. டெஸ்ட் ஒரு தடவதான். ஃபெயிலு."

"பாஸ், ஒரே ஒரு..."

"வெங்காயம் உரிக்க வர்றியா, இல்லியா?"

சனி, ஞாயிறு என்னுடையவை, அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். முல்ஷி ஏரிவரை ஒருநாள், மறுநாள் தாம்ஹிணி உச்சிவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று திட்டம். ஏரிக்கரையில் கூடாரம் அடித்தேன். சோறு அடிபிடித்தது. பருப்பு வேகவில்லை. ஒரு மாடு வந்து கூடாரக் கயிற்றில் கால் மாட்டிக்கொண்டு, என்னைத் தப்பு செய்தவனைப் போலப் பார்த்தது. உடம்பெல்லாம் வியர்வை உப்பு. மெத்தையும் ஐஸ் பெட்டியும் நினைவுக்கு வந்தன. வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை தாம்ஹிணி உச்சியில் நின்றேன். கீழே கொங்கணம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. இங்கிருந்து திரும்பினால் இன்றே அறைக்குப் போய்விடலாம், நாளை பத்து மணிக்கு சீட்டில் இருக்கலாம். வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம்தான். சொல்லாமல் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஊரில் அப்பா, பையன் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் வளைவுவரை இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிவிடலாம் என்றுதான் பெடலை மிதித்தேன். காத்ரஜில் நடுங்கத் தொடங்கிய வேகத்தை எட்டியது. கையில் ஒன்றும் இல்லை. அதையும் தாண்டியது. உள்ளங்கையில் சாலையின் சொரசொரப்பு மட்டும் வந்தது. இரண்டாவது வளைவு. மூன்றாவது. சைக்கிள் தன் நான்கு பைகளோடும் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து போனது. அந்த இறக்கத்தில் நான் வாய்விட்டு ஏதோ கத்தினேன், என்ன என்று ஞாபகமில்லை. ஐந்து பேரின் பெயரையும் சொல்லி ஏதோ. நான்காவது வளைவில் திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் திரும்பி ஏற ரொம்பத் தூரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்தான். இருட்டுவதற்குள் கடலைப் பார்த்துவிட்டேன்.

திங்கள் காலை ஒன்பதரை மணிக்கு, கடற்கரைச் சவுக்குத் தோப்புக்கு வெளியே ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"எங்கடா இருக்க? பத்து மணிக்கு மீட்டிங்."

"ஸ்ரீவர்தன் பக்கமுங்க பாஸ்."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"பஸ்லயா போன?"

"இல்லீங்க."

"லீவு கெடையாதுன்னு சொன்னேனா, இல்லியா?"

"சொன்னீங்க."

"ஆப்சென்ட்டுன்னு போடுவேன். மேல எழுதியும் அனுப்புவேன். வெளையாட்டு இல்ல."

"போடுங்க."

"புதன்கெழம காலைல நீ சீட்ல இல்லன்னா அப்புறம் வரவே வேணாம். புரியுதா?"

"புரியுதுங்க."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்துச் சீட்டில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"தாம்ஹிணி முழுசா எறங்குனியா? ஓட்டிட்டே?"

"ஓட்டிட்டேதானுங்க."

"ஆடலையா?"

"ஆடலீங்க."

"லோடோட?"

"லோடோடதானுங்க. கூடாரம் இங்கதான் நிக்குது."

ஆறு வருடமாக ஜீப்புக்கு முன்னால் ஓட்டிய மனிதர். கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது, ரொம்ப இல்லை.

"புதன்கெழம" என்றார். வைத்துவிட்டார்.

பூத்துக்காரரிடம் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இன்று முழுக்கக் கடலில் கிடப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அதே மலையை இனி ஏறவேண்டும், இரண்டே நாளில், மே மாத வெயிலில், அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்து. கூடாரத்தைச் சுருட்டினேன். தோப்பில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று மராத்தியில் கேட்டு, அவர் சொன்னதோடு கைகாட்டியதையும் பார்த்துக்கொண்டு, இரண்டு பாட்டிலையும் நிரப்பினேன். இருட்டுவதற்குள் மாண்காவைத் தாண்டிவிட வேண்டும்.